பதினேழு வயதுப் பத்திராதிபர்

சங்கீதத்தைப் பற்றி நான் எழுதிய முதல் விமர்சனம் ஒரு பெரிய பொய். ஐம்பது வருஷங்களுக்கு மேல் அதை மனத்துக்குள்ளே பூட்டி வைத்திருந்தேன். இனியும் வைத்திருந்து என்ன ஆகப் போகிறது? அச்சிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அப்போது நான் காவிரிக் கரை ஊர் ஒன்றில் கல்லூரி மாணவன். ஹாஸ்டலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்தோம். முழுக்க முழுக்கச் சங்கீதத்துக்கே ஏற்பட்ட பத்திரிகை. ஒருவனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். இன்னொருவனுக்குப் படம் போடத் தெரியும். அதாவது, தெரியும் என்று அவனே சொன்னான். எனக்கு இரண்டுமே தெரியாது. ஆகையால் என்னை ஆசிரியராக நியமித்தார்கள்.

மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. கடைசிப் பக்கத்தில் படித்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குக் கொடுக்க வேண்டியது. அட்டையில் எங்கள் ஓவியர் ஒரு வீணை வரைந்திருந்தார். பக்கத்து அறை மாணவர் அதைப் பார்த்துவிட்டு, "சுரைக்காய் சாகுபடியைப் பற்றிய பத்திரிகையா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பத்திரிகையின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லாமல் இருக்கிற உரிமையாவது எனக்கு இருக்கட்டும்.

அந்த மாதம் கோயில் உற்சவத்தில் ஒரு பெரிய வித்வானின் கச்சேரி. விமர்சனம் எழுத வேண்டியவன் நான். ஆனால் அன்றைக்குத்தான் டாக்கீஸில் ஒரு படத்துக்குக் கடைசி நாள். படத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் உட்கார்ந்து விமர்சனம் எழுதினேன். அந்த வித்வான் என்றால் தோடிதான் என்பது ஊர் அறிந்த விஷயம். ஆகவே, தோடி தேனாகப் பாய்ந்தது என்றும், சபை மெய்ம்மறந்தது என்றும் இரண்டு பக்கம் வெளுத்து வாங்கினேன். என்னுடைய நடையழகை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

நான்கு நாள் கழித்து எங்கள் மெஸ் சமையற்காரர் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் பட்டுவிடக் கூடாது என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அன்னிக்கு அவர் தோடி பாடவே இல்லையே! கல்யாணி இல்லே பாடினாரு?" என்றார்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டமாகப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டவர் அவர். "தொண்டை கட்டியிருந்தது, பாவம். ஆனா நடுவிலே ஓர் இடம் வந்தது பாருங்க..." என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லத் தெரியாமல் அப்படியே நின்றார். கை மட்டும் காற்றில் எதையோ தடவிற்று. அப்புறம், "அந்த இடத்தை நீங்க எழுதியிருப்பீங்கன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

எங்கள் பத்திரிகை அடுத்த இதழோடு நின்றுவிட்டது.

இத்தனை காலம் கழித்து இது ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்றால், சமீபத்தில் இன்னொரு மாணவனுடைய சங்கீதப் பத்திரிகையின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தது. அவன் அமெரிக்காக்காரன். பெயர் பால் வில்லியம்ஸ். இதே பெயரில் புகழ் பெற்ற பாடலாசிரியர் ஒருவர் உண்டு. அவர் வேறு, இவர் வேறு. இந்த வில்லியம்ஸ் 1948-ம் வருஷம் மே மாதம் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பத்திரிகையை ஆரம்பித்தபோது வயது பதினேழு. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஸ்வார்த்மோர் என்று ஒரு சிறிய கல்லூரி இருக்கிறது. குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் 1864-ல் ஸ்தாபித்த கல்லூரி. அங்கே அவர் முதல் வருஷ மாணவர். நான் செய்யத் தவறிய ஒரு காரியத்தை அந்தப் பையன் செய்தான். தான் காதால் கேட்டதை மட்டும் எழுதினான்.

இதில் என்ன அதிசயம் என்று வாசகர்கள் கேட்கலாம். அதிசயம்தான். 1966-ம் வருஷத்து அமெரிக்காவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் வாலிபர்கள் ராக் அண்ட் ரோல் பாட்டில் மூழ்கிக் கிடந்தார்கள். முந்தின வருஷம் ஜூலை மாதம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்சார கிடாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறி, பழைய ரஸிகர்களில் பலரைக் கோபப்படுத்தியிருந்தார். டிசம்பரில் பீட்டில்ஸ் கோஷ்டியார் 'ரப்பர் ஸோல்' என்ற இசைத்தட்டைக் கொண்டு வந்திருந்தார்கள். பாட்டு வளர்ந்துவிட்டது. ஆனால் பாட்டைப் பற்றிய எழுத்து வளரவில்லை.

ஜாஸ் ரஸிகர்களுக்கு 1934 முதல் 'டௌன் பீட்' இருந்தது. நாட்டுப்பாடல் ரஸிகர்களுக்கு 1950 முதல் 'ஸிங் அவுட்' இருந்தது. ராக் அண்ட் ரோலுக்கு? வியாபாரிகளுக்காக நடந்த 'பில்போர்டு' எந்தத் தட்டு எவ்வளவு விற்றது என்று சொல்லும். சிறு பெண்களுக்காக நடந்த வர்ணப் பத்திரிகைகள், பாடகருக்குப் பிடித்த நிறம் எது, பிடித்த பலகாரம் எது என்று சொல்லும். பாட்டு எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அது சொல்லத் தகுந்த விஷயம் என்றே பெரியவர்கள் கருதவில்லை. சத்தத்துக்கு ஏது விமர்சனம்?

இந்தப் பையன் மட்டும் அதை எப்படித் துணிந்தான்? அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை வாசகர்கள் என்று ஒரு விசித்திரமான ஜாதி உண்டு. அந்தப் பத்திரிகைகள் வாசகர் கடிதங்களை முழு விலாசத்தோடு போட்டு வந்தன. வாசகர்கள் அந்த விலாசங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். கடிதம் பெருகிப் பத்திரிகையாயிற்று. 1930-ல் வெளிவந்த 'காமெட்' என்பதைத்தான் இந்த ரஸிகர் பத்திரிகைகளில் முதலாவது என்கிறார்கள். அதன் பிறகு சமையலறை மேஜைகளிலும் நிலவறைகளிலும் நூற்றுக்கணக்கில் பிறந்தன. இலாபம் கிடையாது, ஆசிரியர், அச்சடிப்பவர், தபால்காரர் எல்லாம் ஒருவரே. வில்லியம்ஸ் தமது பதினாலாம் வயதிலேயே அப்படி ஒரு பத்திரிகை நடத்திக் கை தேர்ந்தவர். பத்திரிகை நடத்த யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, ஒரு டைப்ரைட்டரும் கொஞ்சம் பிடிவாதமும் போதும் என்ற ரகசியம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ரகசியத்தைச் சங்கீதத்துக்குக் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

பத்திரிகைக்கு 'கிராடாடி!' என்று பெயர் வைத்தார். கடைசியில் உள்ள ஆச்சரியக்குறியும் பெயரைச் சேர்ந்ததே. லண்டனை அடுத்த ரிச்மண்டில் அந்தப் பெயரில் ஒரு இசைக் கிளப் இருந்தது. 1963-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியார் உலகுக்குத் தெரியாத பையன்களாக அங்கேதான் வாசித்தார்கள். அமெரிக்கக் கிராமப் பேச்சில் 'கிராடாட்' என்றால் ஆற்று இறால். வீணையைச் சுரைக்காயாக வரைந்த எங்களுக்கு இறாலைப் பற்றிச் சிரிக்க யோக்கியதை இல்லை.

முதல் இதழின் தேதி 1966 பிப்ரவரி 7. பத்துப் பக்கம். ஐந்நூறு பிரதிகள். எல்லாக் கட்டுரைகளையும் வில்லியம்ஸே எழுதினார். டைப் அடித்ததும் அவரே. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் இருந்த விஞ்ஞானக் கதை நண்பர் ஒருவரின் சைக்ளோஸ்டைல் யந்திரத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டன.

அந்த யந்திரத்தைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மெழுகு பூசிய மெல்லிய தாளுக்கு ஸ்டென்சில் என்று பெயர். டைப்ரைட்டரில் மை நாடாவை விலக்கிவிட்டு, வெறும் எழுத்தச்சு மட்டும் தாளில் அடிக்கும்படி செய்வார்கள். அடித்த இடத்தில் மெழுகு விலகி வழி உண்டாகும். அந்தத் தாளை உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால், உள்ளேயிருந்து மை கசிந்து அடியில் ஓடும் காகிதத்தில் எழுத்து விழும். எங்கள் கல்லூரி ஆபீஸில் பரீட்சைத் தாள்களை இப்படித்தான் எடுத்தார்கள். சுற்றுகிற குமாஸ்தாவின் சட்டையைப் பார்த்தாலே அன்று பரீட்சை என்று தெரிந்துவிடும்.

இந்த யந்திரம் பத்திராதிபருக்குக் கண்டிப்பான உபாத்தியாயர். பலமாக அடித்தால் ஆங்கில 'ஓ' என்ற எழுத்தின் நடு வட்டமே பிய்ந்து விழுந்து, பக்கமெங்கும் கரும்புள்ளியாகிவிடும். மெதுவாக அடித்தால் எழுத்தே தெரியாது. தப்பு நேர்ந்தால் ஒரு திரவத்தைத் தடவி, உலரக் காத்திருந்து, மறுபடி அடிக்க வேண்டும். ஆகவே யோசித்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும். புகைப்படத்துக்கு அதில் லேசில் இடம் கிடையாது. தலைப்பைப் பெரிதாகப் போட வேண்டுமானால் ஊசி போன்ற எழுத்தாணியால் மெழுகைக் கீறித்தான் போட வேண்டும். பத்திரிகையின் அழகு என்று சொல்ல மிஞ்சியிருப்பது ஓரத்தில் விடுகிற வெள்ளையும், பாராவுக்குப் பாரா விடுகிற இடைவெளியுமே.

ஏழ்மைதான் 'கிராடாடி!'யின் ஓவியர் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடகரின் சிரித்த முகத்தைப் போட முடியாது. பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். மற்றப் பத்திரிகைகள் எவற்றைப் போட்டு விற்றனவோ, அவற்றைப் போட இந்தப் பத்திரிகைக்கு வழியே இல்லை. வில்லியம்ஸும் அதையே கொள்கையாக்கிக்கொண்டார். படங்களும் செய்தித் துணுக்குகளும் வேண்டியவர்கள் வேறு இடம் பார்க்கலாம். இங்கே இந்தப் பாட்டைப் பற்றிய அறிவார்ந்த எழுத்து மட்டுமே கிடைக்கும் என்ற கருத்தில் முதல் இதழிலேயே அறிவித்துவிட்டார்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். கச்சேரி என்பது காற்றோடு போய்விடுகிற வஸ்து. போகாமலே போனதாக எழுதலாம், நான் எழுதினேனே! இசைத்தட்டு அப்படியல்ல. அது வாசகன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விமர்சகன் ஒரு வரி தப்பாக எழுதினால், வாசகன் தட்டைச் சுழலவிட்டு, "எங்கே ஐயா நீர் சொன்ன இடம்?" என்று கேட்டுவிடுவான். வில்லியம்ஸ் இசை இலக்கணம் கற்ற பண்டிதர் அல்ல. இந்தத் தட்டைக் கேட்டபோது எனக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் அவருடைய விமர்சன முறை. அந்த முறையில் பண்டிதம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. கேட்காமல் இருந்தால்தான் குற்றம்.

ஐந்நூறு பிரதிகளில் சில இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குப் போயின. அப்புறம் நடந்தது கதாசிரியன் எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஒரு நாள் ஸ்வார்த்மோர் மாணவர் விடுதியில் டெலிபோன் மணி அடித்தது. வில்லியம்ஸைக் கூப்பிட்டார்கள். பேசியவர் இன்னொரு பால். பாடகர் பால் ஸைமன்.

ஸைமன் அந்தச் சமயத்தில் எப்படிப்பட்ட நிலையில் இருந்தார் என்பது சுவாரஸ்யமானது. ஸைமனும் கார்ஃபங்கலும் 1964-ல் 'ஸௌண்ட் ஆஃப் ஸைலன்ஸ்' என்ற பாட்டை வெறும் கிடாரோடு பாடி இசைத்தட்டாக்கினார்கள். தட்டு விலை போகவில்லை. கார்ஃபங்கல் படிப்புக்குத் திரும்பினார். ஸைமன் இங்கிலாந்துக்குக் கப்பலேறாத குறையாகப் போய்விட்டார். 1965-ல் அவர்களுடைய ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் டாம் வில்ஸன், இருவருக்கும் தெரியாமலே அந்தப் பழைய பதிவின் மேல் மின்சார கிடாரும் டிரம்ஸும் சேர்த்து வெளியிட்டார். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவிலேயே முதலிடம் பெற்றுவிட்டது. பாட்டு சொந்தம், வெற்றி வேறு யாருடைய கைவேலையோ! உடனே அவசர அவசரமாக ஒரு முழு நீள இசைத்தட்டும் வந்தது. அந்தத் தட்டைத்தான் வில்லியம்ஸ் தம் முதல் இதழில் அலசியிருந்தார். தங்கள் பாட்டைப் பற்றி அறிவோடு எழுதப்பட்டதாகத் தாம் பார்த்த முதல் எழுத்து இதுதான் என்று ஸைமன் போனில் சொன்னதாகப் பின்னாளில் வில்லியம்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விற்பனைக் கணக்கு ஸைமனுக்கு ஏற்கெனவே தெரியும். கைதட்டலும் தெரியும். அவற்றுக்கு மேல் ஒரு கலைஞனுக்கு வேண்டியது ஒன்று உண்டு. நாம் வைத்த இடத்தில் ஒருவன் நின்று கேட்டானா என்பதே அது. பத்துத் தாள்களில் அது அவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு மற்ற மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். பிராண்டைஸ் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த ஜான் லாண்டோ எழுதினார். ஸ்டோனி புரூக்கிலிருந்து ஸாண்டி பேர்ல்மன் எழுதினார். ரிச்சர்ட் மெல்ட்ஸர் என்ற தத்துவ மாணவர், தத்துவப் பாடத்துக்கு எழுதுகிற தோரணையில் ராக் பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு பகுதியை 1967-ல் 'கிராடாடி!' வெளியிட்டது. 1970-ல் அது முழுப் புத்தகமாகவே வந்தது. லாண்டோ பின்னால் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் புகழ் பெற்ற 1975-ம் வருஷத்து இசைத்தட்டைத் தயாரித்தவர்களில் ஒருவராகி, அவருடைய மானேஜராகவும் ஆனார். பேர்ல்மன் 1978-ல் இங்கிலாந்தின் 'கிளாஷ்' கோஷ்டிக்கு இசைத்தட்டுத் தயாரித்தார். எல்லாரும் வகுப்பைக் கோட்டைவிட்டுவிட்டுப் பாட்டுக் கேட்ட பையன்கள்.

வில்லியம்ஸும் படிப்பை விட்டார். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் காரியாலயம் ஏற்பட்டது. சைக்ளோஸ்டைல் போய் ஆப்ஸெட் அச்சு வந்தது. அட்டையில் படமும் வந்தது. பத்திரிகை வளர்ந்தால் பத்திராதிபர் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? ஆனால் பத்திரிகை வளர வளர, எழுதுகிற நேரம் கணக்குப் பார்க்கிற நேரமாக மாறும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் ஒரு வருஷம் இருந்தவர்கள்கூட அறிவார்கள்.

இதற்கிடையில் 1967 நவம்பர் 9-ம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து இன்னொரு பத்திரிகை புறப்பட்டது. பெயர் 'ரோலிங் ஸ்டோன்'. ஆரம்பித்தவர்கள் பெர்க்லியில் படிப்பை விட்ட இருபத்தொரு வயது யான் வென்னரும், அநுபவசாலியான ரால்ஃப் கிளீஸனும். கடன் வாங்கிய மூலதனம் 7,500 டாலர். முதல் அட்டையிலேயே ஜான் லென்னனின் படம். விமர்சனத்தோடு செய்தி, பேட்டி, புகைப்படம் எல்லாம் அதில் இருந்தன. அது திறமையாக நடத்தப்பட்ட பத்திரிகை, ஓங்கி வளர்ந்தது. இன்று ராக் சங்கீதப் பத்திரிகை என்றால் உலகம் அதன் பெயரைத்தான் சொல்லும்.

1968-ல் வில்லியம்ஸ் தாம் பெற்ற பத்திரிகையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது இருபது. அந்த வயதில் பலர் தொழிலையே ஆரம்பிப்பதில்லை. அவர் ஒன்றை ஆரம்பித்து, நடத்தி, முடித்தும்விட்டார். மறு வருஷம் அவருடைய கட்டுரைகள் புத்தகமாக வந்தன. வேறு கைகளுக்குப் போன பத்திரிகை, ஆச்சரியக்குறியை உதிர்த்துவிட்டு எழுபதுகள் முழுவதும் நடந்தது. 1979-ல் பெயர் மாறி, பிறகு நின்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுத முனைந்திருக்க மாட்டேன். 1993-ல், நாற்பத்தைந்தாவது வயதில், வில்லியம்ஸ் 'கிராடாடி!'யை மறுபடியும் ஆரம்பித்தார், ஆச்சரியக்குறி சகிதமாக! பெரிய காரியாலயம் கிடையாது. சந்தாதாரர்களுக்குத் தபாலில் போகிற சிறு பத்திரிகை. பதினேழு வயதில் எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே திரும்பி வந்தார். 1995-ல் சைக்கிளிலிருந்து விழுந்து மூளையில் பலத்த அடிபட்டது. அதற்குப் பிறகும் எழுதினார். 2003 வரை இருபத்தெட்டு இதழ்கள் கொண்டுவந்தார். ஆனால் அந்த அடியின் விளைவாக ஞாபக சக்தி கொஞ்சங் கொஞ்சமாக அவரை விட்டுப் போயிற்று. 2013 மார்ச் 27-ம் தேதி கலிபோர்னியாவில் காலமானார். கேட்டதை எல்லாம் ஞாபகத்தில் வைத்து எழுதிய மனிதருக்குக் கடைசியில் ஞாபகமே இல்லாமற் போனது விதியின் கொடுமைகளில் ஒன்று.

'ரோலிங் ஸ்டோன்' ஜெயித்தது, 'கிராடாடி!' தோற்றது என்று சிலர் கணக்குப் போடுவார்கள். விற்பனைப் புத்தகத்தைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்தப் பத்துத் தாள்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும், ராக் பாட்டைப் பற்றி மனம்விட்டு எழுதலாம், அதை மதித்துப் படிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேனாவை எடுத்தார்கள். அதற்கு முன் அது யாருக்கும் தெரியாது. வில்லியம்ஸுக்கும் தெரியாது. தெரியாமலே ஐந்நூறு பிரதி சுற்றினாரே, அதைத்தான் துணிச்சல் என்கிறேன்.

எங்கள் பத்திரிகைக்கு அழகான கையெழுத்து இருந்தது. வர்ண மை இருந்தது. அட்டையில் வீணை இருந்தது. அவருடைய பத்திரிகையில் மை கசிந்த எழுத்தைத் தவிர ஒன்றுமில்லை. அவர் பத்திரிகையைப் படித்துவிட்டுப் பாடினவரே டெலிபோனில் கூப்பிட்டார். என் விமர்சனத்தைப் படித்துவிட்டுச் சமையற்காரர் கல்யாணியைத் தேடினார்.

இப்போதும் யாராவது கல்யாணி பாடினால் நான் நடுப்பகுதியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். அவர் அன்று கேட்ட இடம் எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.